யாருக்கு வரவு?

1

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை நண்பன் போன் செய்தான். பொன்னமராவதிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். "மேல் ரூம்ல கணக்கு நோட்டு ஒரு சாக்கு கெடக்குடா. யாருக்கும் படிக்கத் தெரியல. எடைக்குப் போட்டுரலாம்னு சொல்றாங்க. ஒனக்கு வேணும்னா நாளைக்குள்ள வந்து எடுத்துக்க."

பொன்னமராவதி எனக்குச் சொந்த ஊர். வேலை சென்னையில், மென்பொருள். மறுநாள் போய்ச் சேர்ந்தபோது சாக்கில் பாதி செல்லரித்துப் போயிருந்தது. உருப்படியாகத் தேறியவை ஐந்து நோட்டுகள். நீளவாக்கில் தைத்தவை. துணி அட்டை. தட்டினால் தூசியோடு கறுப்பு மசியும் உதிர்ந்தது.

முதல் நோட்டைத் திறந்தேன். மேலே பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே சிவமயம். அதற்கப்புறம் ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. தமிழ்தான். என் அப்பத்தா காலத்துத் தமிழ். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன், இலக்கியம் வாசிக்கிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்பவன், சொந்த ஊரில் எழுதப்பட்ட ஒரு பக்கத்தின் முன்னால் எழுத்துக்கூட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரே ஒரு குறி மட்டும் எங்கோ பார்த்ததாக இருந்தது: ௶.

அதை எங்கே பார்த்தேன் என்று ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் எழுத்துரு சரியாகத் தெரியவில்லை என்ற பிழையைத் தேடும்போது யூனிகோடின் தமிழ் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்திருக்கிறேன். எழுத்துகளும் எண்களும் முடிந்த பிறகு கடைசியில் சில விநோதக் குறிகள் வரும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். 2003இல் வந்த யூனிகோடு 4.0இல் இவை சேர்ந்தன. என் திரையில் அன்றைக்கு எல்லாம் வெறும் கட்டமாகத்தான் தெரிந்தன. 'இதையெல்லாம் யார் பயன்படுத்தப் போறா' என்று நினைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

பயன்படுத்தியவர்கள் இங்கே இருந்தார்கள். பக்கம் பக்கமாக.

2

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 87. சின்னப் பையனாக இருந்தபோதே மளிகைக் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தவர். நோட்டை அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதைப் படிங்க தம்பி."

"உ... அப்புறம் ஏதோ ள மாதிரி... ங... ய... ரு..."

"எழுத்துன்னு நெனச்சுப் படிக்கிறீங்க. அது எண்ணு. எரநூத்தி முப்பத்தஞ்சு."

௨௱௩௰௫. இரண்டு, நூறு, மூன்று, பத்து, ஐந்து. வாயால் சொல்வதை அப்படியே வரிசையாக எழுதுகிற முறை. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி இருப்பதால் பூஜ்யத்துக்கு இதில் வேலையே இல்லை. நூறு என்றால் ௱ மட்டும் போதும். சிக்கல் எங்கே என்றால், ஒன்று க மாதிரி, இரண்டு உ மாதிரி, ஏழு எ மாதிரி, எட்டு அ மாதிரி. ஒரு வரியில் பெயர் எங்கே முடிகிறது, தொகை எங்கே தொடங்குகிறது என்பதை எழுத்தின் வடிவம் சொல்லாது. கடையின் வழக்கம்தான் சொல்லும்.

அடுத்த சிக்கல் புள்ளி. அவசரமாக எழுதுகிற கணக்குப்பிள்ளை மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. பல இடங்களில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே கொம்புதான். 'பெரெடு' என்று இருந்தால் பேரேடு. 'கொவில' என்று இருந்தால் கோவில். சுவடி பதிப்பித்தவர்கள் இந்தத் தொல்லையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஆனால் சுவடியில் பாட்டு இருக்கும், எதுகை மோனை கைகொடுக்கும். கணக்கில் கைகொடுப்பது கூட்டல் மட்டும்தான். நாம் படித்த எண்கள் சரியென்றால் பக்கத்தின் அடியில் இருக்கும் மொத்தம் ஒத்துவரும். ஒத்துவரவில்லை என்றால் எங்கோ ஓர் எழுத்தை எண்ணாகவோ எண்ணை எழுத்தாகவோ படித்திருக்கிறோம். என் தொழிலில் சோதனை ஓட்டுவது என்று சொல்வோமே, இந்த நோட்டு தனக்கான சோதனையைத் தானே ஒவ்வொரு பக்கத்திலும் வைத்திருக்கிறது.

மூன்றாவது, வருடம். நோட்டின் தலைப்பில் தாது வருஷம் என்று இருந்தது. தமிழ் வருடப் பெயர்கள் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருபவை. தாது என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். நூற்றைம்பது வருடப் பழைய ஏடு கையில் இருக்கிறது என்று எனக்குக் கை நடுங்கியது. பெரியவர் நாலு பக்கம் தள்ளி ஒரு செலவைக் காட்டினார். திருச்சிக்குப் போய்வந்த பஸ் சார்ஜ்.

"பஞ்சத்துல எங்க தம்பி பஸ்ஸு?"

ஆக 1936. அடுத்த தாது.

3

பின்னங்களைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் ஆனது. தமிழ்க் கணக்கில் தசமப் புள்ளி இல்லை. முக்கால், அரை, கால், அரைக்கால் (1/8), வீசம் என்கிற மாகாணி (1/16). இது ஒரு வரிசை. மா (1/20), காணி (1/80), அரைக்காணி (1/160), முந்திரி (1/320) என்று இன்னொரு வரிசை. முந்திரியையும் மறுபடி 320ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி. அதாவது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற பெயரில் இந்த வாய்பாடுகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். இந்தக் கணக்குக் கல்வி எப்படி நடந்தது, யாருக்குப் பயன்பட்டது என்பதை து. செந்தில்பாபு நிறைய ஆராய்ந்திருக்கிறார். 2022இல் ஆங்கிலத்தில் அவருடைய நூலும் வந்தது. பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் வந்த யூனிகோடு 12.0இல் தனித் தொகுதியாகச் சேர்ந்துவிட்டன. என் கணினியில் இன்னும் அவை கட்டம்தான்.

நாம் மறந்துவிட்டோம் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. 'முக்காலே மூணு வீசம்' என்று இன்றைக்கும் பேச்சில் சொல்கிறோம். கிட்டத்தட்ட முழுசும் என்று அர்த்தம். கூட்டிப் பாருங்கள், 12/16 + 3/16, அதாவது பதினாறில் பதினைந்து. கணக்கு போய்விட்டது, சொல்வழக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் வீசம் என்றால் ஓரணா. கால் என்றால் நாலணா. நோட்டில் 'ரெண்டேகால் வீசம்' என்று குறி இருந்தால் இரண்டு ரூபாய் ஐந்தணா. இது பிடிபட்டதும் பக்கங்கள் மளமளவென்று திறந்துகொண்டன. ஒருநாள் பெரியவரைச் சோதிக்கலாம் என்று தோன்றியது. "ஐயா, முன்னூத்தி இருபத்தஞ்சு ரூபாய்க்கு, நூத்துக்கு மாசம் பன்னண்டு அணா வட்டின்னா ஒரு மாசத்துக்கு எவ்வளவு?" நான் போனை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"முன்னூறுக்கு ரெண்டேகால். இருபத்தஞ்சுக்கு மூணு வீசம். ரெண்டு ரூபா ஏழணா."

போனும் 2.4375 என்றது. அதையே அவர் முறையில் எழுதினால் இரண்டு, கால், அரைக்கால், வீசம். கணினிக்கும் இந்த எண் ரொம்பப் பிடித்தமானது. பாதி, பாதியில் பாதி என்று போகிற பின்னங்களைத்தான் அது பிசகில்லாமல் வைத்துக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கை அதனால் முழுசாக வைத்துக்கொள்ள முடியாது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கடைசியில் ஒரு துளி பிசிறு வரும். இதை முதல் வருடமே கற்றுக்கொண்டு ஆச்சரியப்பட்டிருக்கிறேன். எங்கள் தெருப் பெரியவர் அந்தப் பிசிறு வராத உலகத்திலேயே வட்டி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

முந்திரி விஷயத்தில் எங்கள் ஊருக்கு இன்னொரு கதை உண்டு. பொன்னமராவதி அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1948 மார்ச்சில்தான் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. தொண்டைமான்கள் அம்மன் காசு என்று ஒரு சின்னச் செப்புக் காசு வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்குக் கொடுப்பது வழக்கம். மதிப்பு, அணாவில் இருபதில் ஒரு பங்கு. பதினாறை இருபதால் பெருக்குங்கள், 320 வரும். அம்மன் காசு என்பது ரூபாயில் ஒரு முந்திரி. வாய்பாட்டில் பார்க்கும்போது இவ்வளவு சின்னப் பின்னம் எதற்கு என்று தோன்றும். நவராத்திரியில் வரிசையில் நின்றவரின் உள்ளங்கையில் அது காசாகவே இருந்திருக்கிறது.

4

இனி அந்த நோட்டில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று போய் வட்டிக்கடை வைத்தது தெரிந்த வரலாறு. ப. சிங்காரத்தை வாசித்தவர்களுக்கு அந்தக் கடைகளின் வாசனையே தெரியும். அவர் சிங்கம்புணரிக்காரர், எங்களுக்குப் பக்கத்து ஊர். மெடானில் கடையில் வேலை பார்த்தவர். முதலாளி ஊரில் இருப்பார். மேலாள் மூன்று வருடக் கெடுவுக்குக் கப்பலேறுவார். கூட ஓர் அடுத்தாள், ஒரு பெட்டியடிப் பையன். ஒரே கிட்டங்கியில் பல கடைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். கணக்கின் நகல் ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். ரங்கூன் கடையின் கணக்கு பொன்னமராவதிப் பக்கம் ஒரு மாடி அறையில் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்கின்படி பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. முதலீடு 75 கோடி ரூபாய் அளவுக்கு. அன்றைக்கு 75 கோடி!

நோட்டில் ஒரு பெண்ணின் பெயருக்குத் தனிப் பக்கம் இருந்தது. பெயருக்கு முன்னால் உறவைக் குறிக்கும் ஒரு சொல் இருந்ததால் அது நண்பனின் அப்பாவுடைய அப்பத்தா என்று கண்டுபிடித்தோம். அந்தப் பக்கத்தில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். வருடா வருடம் வட்டி சேர்ந்து ஏறிக்கொண்டே போகிறது. தொகைக்கு நேரே ௷, வரவு. நான் அப்போதுதான் குறிகளைப் படிக்கக் கற்றிருந்தேன். உற்சாகத்தில் நண்பனிடம் சொல்லிவிட்டேன்: "ஒங்க அப்பாவோட அப்பத்தா பேர்ல பெரிய கடன் இருந்திருக்குடா. கடைக்கு வரவேண்டிய பாக்கி. கடைசி வரைக்கும் அடைக்கவே இல்ல."

அவன் அதை வீட்டில் சொன்னான். இரண்டு நாள் கழித்து அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவுக யார்கிட்டயும் கைநீட்டுனவுக இல்ல. நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப அவுக இருந்தாக. பார்த்திருக்கேன். நீங்க எத வச்சுச் சொல்றீக?"

"நோட்டுல அப்படித்தான் இருக்கு ஆச்சி" என்றேன். பொறியியல் படித்தவனின் திமிர் அந்தப் பதிலில் இருந்தது. நோட்டு பொய் சொல்லாது, மனுஷர்கள்தான் சொல்வார்கள் என்று ஒரு நினைப்பு.

நோட்டைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வரவுன்னா என்ன தம்பி?"

"கடைக்கு வர வேண்டியது."

"வந்தது. அந்தம்மாகிட்ட இருந்து கடைக்கு வந்தது. அப்ப யாரு யாருக்குக் கொடுக்கணும்?"

அந்த நிமிடம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேரேட்டில் ஒருவர் பெயரில் இருக்கும் பக்கத்தில் வரவு என்றால், அவரிடமிருந்து பணம் வந்திருக்கிறது. கடைதான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. பற்று என்றால் அவர் பற்றிக்கொண்டு போனது, அவர் கடைக்குத் தர வேண்டியது. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. பழைய எழுத்தையும் பின்னத்தையும் வருடத்தையும் படிக்கக் கற்ற நான், கணக்கு எந்தப் பக்கத்தில் நின்று பேசுகிறது என்று கேட்கவே இல்லை.

அந்தம்மா கடன்காரி இல்லை. அவர் பணத்தில்தான் கடை நடந்திருக்கிறது.

இதற்கு நகரத்தார் வழக்கில் பெயரே உண்டு: ஆச்சிமார் பணம். கல்யாணத்தில் பெண்ணுக்கென்று வந்த சீதனப் பணத்தைக் கடையில் அவள் பேரில் போட்டுவைப்பார்கள், அது வட்டியோடு வளரும். நகரத்தார் வணிகத்தைப் பற்றி 1994இல் புத்தகம் எழுதிய டேவிட் ரட்னர், கடையின் முதல் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று பிரிக்கும்போது இதையும் ஒரு வகையாகச் சொல்கிறார். கப்பலேறியவர்கள் ஆண்கள். கிட்டங்கியில் படுத்தவர்கள் ஆண்கள். சரித்திரத்தில் படம் மாட்டியிருப்பதும் அவர்களுக்குத்தான். ஆனால் பெட்டியில் இருந்த பணத்தில் ஒரு பங்கு, ஊரைத் தாண்டாத பெண்களுடையது. பேரேட்டைச் சரியான பக்கத்தில் நின்று படித்தால்தான் அது கண்ணில் படும்.

ஆச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதான் சொன்னேனே" என்றார். அப்புறம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

5

இரண்டாவது தப்பு இன்னும் சின்னது. ஓர் எழுத்துதான்.

வேறொரு நோட்டில் ரங்கூன் கடையின் நிலக் கணக்கு இருந்தது. ஒரு வரியில் 'மா' என்று தொடங்கி அதற்குப் பிறகு இரண்டு எழுத்து, அப்புறம் நிலம், ஏக்கர் கணக்கு, தொகை. மா என்பது நம் ஊரில் நில அளவு. நூறு குழி ஒரு மா. நிலக் கணக்கில் மா வந்தால் வேறென்னவாக இருக்கும்? அளவு என்றே எடுத்துக்கொண்டு, பின்னால் வரும் இரண்டு எழுத்து ஊர்ப்பெயராக இருக்கும் என்று குறித்துவைத்தேன். ஆனால் கூட்டல் ஒத்துவரவில்லை. அந்த 'மா'வைக் கணக்கில் சேர்த்தால் இடிக்கிறது, விட்டுவிட்டால் சரியாக வருகிறது.

அடுத்த பக்கங்களில் 'கோ' என்றும் 'மவுங்' என்றும் தொடங்கும் வரிகள் வந்தபோதுதான் விளங்கியது. பர்மியப் பெயர்களுக்கு முன்னால் வரும் மரியாதைச் சொற்கள் இவை. ஆண்களுக்கு மவுங், கோ, ஊ. பெண்களுக்கு மா, வயதானவர் என்றால் டா. நான் நில அளவு என்று நினைத்தது ஒரு பர்மியப் பெண்ணின் பெயர். அந்த நிலம் அவளுடையது. அந்த வரியோடு கடைக்கு வந்துவிட்டது.

ஒரு மனுஷியை நான் நிலத்தின் அளவாக வாசித்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் நோட்டும் அதைத்தான் செய்திருக்கிறது.

பின்னணி இதுதான். உலகப் பொருளாதாரச் சரிவில் 1930 வாக்கில் நெல் விலை விழுந்தது. கீழ்ப் பர்மாவின் விவசாயிகள் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போனார்கள். செட்டியார்கள் கொடுத்தது பணம், அவர்களுக்குத் திரும்ப வேண்டியதும் பணம்தான். நிலத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? வட்டிக்கடைக்காரருக்கு நிலம் என்பது மாட்டிக்கொண்ட முதல். இருந்தாலும் அடமானம் மூழ்கியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நிலத்தில் சுமார் 6 விழுக்காடு செட்டியார்கள் கையில் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 விழுக்காடு ஆனது. கால் பங்கு. நான் குறி போட்டுக் கற்றுக்கொண்ட அதே கால்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் பக்கத்து வீடுகளில் கதையாகச் சொல்வார்கள். விஷு வருஷம் மார்கழியில், அதாவது 1941 டிசம்பர் 23இல், ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அதே வருஷம் மாசியில் ரங்கூனே விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே வந்தார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 'எல்லாம் போச்சு' என்பது எங்கள் ஊர்ப் பர்மாக் கதைகளின் கடைசி வரி. போனது நிஜம். நடந்து வந்தவர்களில் முதலாளிகளைவிடக் கூலிக்காரர்களும் பெட்டியடிப் பையன்களும் அதிகம் என்பதும் நிஜம். ஆனால் அந்தக் கதையில் அந்த இரண்டெழுத்துப் பெண் வருவதே இல்லை. அவளுக்கும் 'எல்லாம் போச்சு' என்று ஒரு வரி இருந்திருக்கும். அதை அவள் வேறொரு மொழியில், வேறொரு வீட்டுத் திண்ணையில் சொல்லியிருப்பாள். அவள் 'போச்சு' என்றது எங்கள் பேரேட்டில் 'வரவு' என்று இருக்கிறது.

நண்பனின் கொள்ளுப்பாட்டியின் பணமும் அந்தப் பர்மியப் பெண்ணின் நிலமும் ஒரே கடைக் கணக்கில், சில பக்க இடைவெளியில், அதே குறியோடு கிடக்கின்றன. ஒருத்தியின் சீதனம் கடல் கடந்து போய் இன்னொருத்தியின் நிலமாகத் திரும்பியிருக்கலாம். அதை நிரூபிக்க முடியாது, பெட்டிக்குள் போன பணத்துக்கு முகம் கிடையாது. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்காது. அவர்களைச் சேர்த்துவைத்தது, புள்ளி வைக்க நேரமில்லாத ஒரு கணக்குப்பிள்ளையின் கையெழுத்து.

6

இந்த மாதிரி ஏடுகளுக்கு வேறு இடங்களில் என்ன நடந்தது?

இத்தாலியில் பிராட்டோ என்ற ஊரில் 1410இல் இறந்துபோன ஃபிரான்செஸ்கோ தத்தீனி என்ற வணிகர் தன் காகிதம் ஒன்றையும் தூக்கிப்போடக் கூடாது என்று நினைத்தவர். 1870இல் அவை வெளிச்சத்துக்கு வந்தன. சுமார் ஒன்றரை லட்சம் கடிதங்கள், 500க்கு மேல் கணக்கேடுகள். அவற்றை வைத்து ஐரிஸ் ஒரிகோ 1957இல் எழுதிய புத்தகத்தில் வணிகரைவிட அவர் மனைவிதான் என் மனதில் நின்றாள். லண்டனில் பர்டி மாதிரியான பழைய துப்பாக்கிக் கடைகளில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வரிசை எண், அந்த எண்ணுக்குக் கைப்பட எழுதிய ஒரு பேரேட்டுப் பதிவு. யாருக்காகச் செய்தது, என்ன அளவு என்று அதில் இருக்கும். தாத்தா விட்டுப்போன துப்பாக்கியை வைத்திருக்கும் ஒருவர் இன்றைக்கும் அந்த எண்ணைக் கொடுத்து அந்தப் பதிவைத் தேடலாம். பொருள் மிஞ்சியிருப்பதால் ஏட்டுக்கும் ஆயுள் நீள்கிறது. நம் கணக்கேடுகளில் விற்ற பொருள் பணம். மிஞ்சுவதற்கு எதுவுமில்லை. ஆகவே ஏட்டைத் தேடி யாரும் வருவதில்லை.

செட்டிநாட்டில் அச்சுப் புத்தகங்களுக்கு ஒரு ரோஜா முத்தையா கிடைத்தார். கோட்டையூரில் அவர் சேர்த்தவை, 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்து மேலைச்சிவபுரியில் 1909இலேயே சன்மார்க்க சபை தொடங்கித் தமிழ் வளர்த்திருக்கிறார்கள். வட்டிக்கடைப் பணம்தான் அந்தச் சபைகளையும் பாடசாலைகளையும் கட்டியது. அந்தப் பணம் வந்த வழியை எழுதிவைத்த ஏடு மட்டும் எடைக்குப் போகிறது. படிக்கத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இந்தக் கையெழுத்தைத் தானாகப் படிக்கும் மென்பொருள் எழுதலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் 'மா' என்பது பின்னமா, நிலமா, பெண்ணா என்று அதற்கு முதலில் யாராவது சொல்லித் தர வேண்டும். சொல்லித் தரும் ஆள் எங்கள் தெருவில் ஒருவர்தான் இருக்கிறார். இப்போது அவருக்கு 89.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு சாக்கு கிடக்கலாம். நகரத்தார் வீடாக இருக்க வேண்டியதில்லை. மளிகைக்கடை, ஜவுளிக்கடை, நெல் மண்டி, மொய் நோட்டு, எதுவாகவும் இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன்னால் போனில் படமாவது எடுத்துவையுங்கள். உங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தால், இந்த லீவிலேயே போய் உட்காருங்கள்.

ஐந்து நோட்டுகளையும் படமெடுத்துவிட்டு நண்பன் வீட்டிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஆச்சி அவற்றைச் சாக்கில் போடவில்லை, மர பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் கணினியில் ஒரு பெயர்ப்பட்டியல் தொடங்கியிருக்கிறேன். பெயர், வருடம், தொகை, வரவா பற்றா. முதலில் நான்கு பத்திதான் வைத்திருந்தேன். அந்த இரண்டெழுத்துப் பெண்ணின் வரிக்கு வந்தபோது ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதன் தலைப்பு 'யாருக்கு?'. அவள் வரியில் அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.